இறகு முளைத்தால் போதுமா? புறாக் குஞ்சைப் பிரிக்கும் நாளும் அதன் குடலும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவைச் சுற்றி மொட்டை மாடியில் புறா வளர்க்கும் பையன்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, குஞ்ச எத்தனாவது நாள்ல பிரிக்கலாம்?" நான் ஒரு எண்ணைச் சொன்னால் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குத்தான் அப்படி விட மனசு வராது. எண்ணுக்கு முன்னால் குஞ்சின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் நாளைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

புதிதாகப் புறா வளர்க்க வந்தவர்களுக்காக: பிரிப்பது என்றால், தாயும் தகப்பனும் கக்கி ஊட்டும் இரையை நம்பியிருக்கும் குஞ்சை வேறு கூண்டுக்கு மாற்றித் தானாகத் தின்ன விடுவது. பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கடிக்கிறோமே, அதே காரியம். பிள்ளைக்கு அவசரப்பட்டு மறக்கடித்தால் வயிறு கெடும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். புறாவுக்கும் அதேதான் நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஷூ டப்பாவில் இரண்டு ஹோமர் இனப் புறாக் குஞ்சுகளைக் கொண்டுவந்தான். சந்தையில் வாங்கியவை. முதுகில் இறகு நன்றாக மூடியிருந்தது. தலையில் மட்டும் அங்கங்கே மஞ்சள் பூனைமுடி. இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் வெறும் தோல். இருபது நாள் இருக்கும், அதற்கு மேல் இராது. "தீனி கொட்டி வெச்சிருக்கேன்ணா. சுத்திச் சுத்தி வருது, கத்துது, ஆனா தொடவே மாட்டேங்குது" என்றான். கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் தொட்டால் காலிப் பையாக ஒட்டிக் கிடந்தது. நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி கைக்குத் தட்டுப்பட்டது. டப்பாவில் விரித்திருந்த செய்தித்தாளில் பச்சைப் பசேலென்று சளி போல எச்சம். பயறு தின்றதால் வந்த பச்சை இல்லை அது. குடலில் இரையே இல்லாமல் பித்தநீர் மட்டும் இறங்கி வரும்போது இப்படிப் போகும்.

ஒன்று அன்று இரவே போய்விட்டது.

விற்றவரும் வாங்கியவனும் ஏன் அவசரப்பட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. ஹோமர் ஒருமுறை வானத்தில் பறந்து தன் மாடியை மனசில் பதித்துவிட்டால், அப்புறம் எங்கே கொண்டுபோனாலும் பழைய வீட்டுக்கே திரும்பும். அதனால் பறக்கத் தொடங்காத குஞ்சாகத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். கூட்டில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. குஞ்சுகளுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும்போதே பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். முன் ஈட்டுக் குஞ்சுகளைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் ஜோடிக்கு ஓய்வு என்று நினைக்கிறோம். நினைப்பில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வார அவசரத்துக்கான விலையைக் குஞ்சின் குடல் கொடுக்கிறது.

சரி, ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

புறா இரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு நாள். ஆணும் பெட்டையும் மாறி மாறி அடைகாத்துப் பதினெட்டு நாள் வாக்கில் குஞ்சு பொரிக்கும். கண் திறக்காத, சிறுவிரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிய அந்தச் சதைத்துண்டு நான்கு வாரத்தில் தாய் தகப்பன் எடையை நெருங்கிவிடுகிறது. இத்தனை வேகமான வளர்ச்சிக்குக் காரணம் புறாப்பால்.

பால் என்றதும் மடி, காம்பு என்று நினைக்க வேண்டாம். குஞ்சு பொரிக்கச் சில நாள் இருக்கும்போதே பெற்றோர் இருவரின் தீனிப்பைச் சுவரும் தடிக்கத் தொடங்கும். இதைத் தூண்டுவது புரோலாக்டின் என்ற ஹார்மோன். மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் அதே ஹார்மோன்தான். தடித்த சுவரின் உள்ளடுக்குச் செல்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு உதிர்கின்றன. உதிர்ந்த அந்தக் கூழ்தான் பால். பார்க்க உதிர்த்த பன்னீர் மாதிரி வெளிர்மஞ்சளாக இருக்கும். மூன்று நாள் குஞ்சைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், மெல்லிய தோலுக்குள் அந்த மஞ்சள் நிறம் தீனிப்பையில் தெரியும். தகப்பனும் பால் கொடுக்கும் என்று சொன்னால் எங்கள் தெருப் பாட்டிகள் இன்றும் நம்ப மாட்டார்கள். 1786-லேயே ஜான் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். புறா இனம் தவிர, பூநாரையும் ஆண் எம்பரர் பெங்குவினும் இப்படித் தொண்டைவழிப் பால் ஊட்டுகின்றன.

இந்தப் பாலில் நீரை நீக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் புரதம், அடுத்தபடியாகக் கொழுப்பு. மாவுச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன். சத்தோடு கூட நோயை எதிர்க்கும் புரதங்களும், உயிருள்ள நல்ல பாக்டீரியாக்களும் பாலோடு குஞ்சின் வயிற்றுக்குப் போகின்றன. பொரித்தவுடன் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும் குடலில் முதலில் குடியேறுபவை தாய் தகப்பன் அனுப்பி வைத்தவை. ஆஸ்திரேலியாவில் கோழிக் குஞ்சுகளுக்குத் தீனியோடு புறாப்பாலைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே மாறியது, எடையும் கூடியது. வேறு இனப் பறவைக்கே அப்படியென்றால் சொந்தக் குஞ்சுக்குக் கேட்கவா வேண்டும்?

முதல் மூன்று நான்கு நாள் பால் மட்டும்தான். பிறகு பாலோடு ஊறிய தானியம் கலந்து வரும். இரண்டாவது வாரத்தில் பால் குறைந்து தானியம் கூடும். மூன்றாவது வாரத்தில் குஞ்சுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட தானியம்தான். இங்கேதான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். "தானியம்தானே தின்னுது, நானே போடுறேன்" என்று எடுத்துவிடுகிறார்கள். பெற்றோர் ஊட்டும் தானியம் வேறு, நாம் தட்டில் கொட்டும் தானியம் வேறு. அவை தங்கள் தீனிப்பையில் ஊறவைத்து, சூடேற்றி, தண்ணீரும் சேர்த்து, அளவாகத் தொண்டைக்குள்ளேயே விடுகின்றன. தட்டில் இருப்பது காய்ந்த, குளிர்ந்த, தானே கொத்தி எடுக்க வேண்டிய தானியம். அந்த வயதுக் குஞ்சுக்குக் கொத்தவே தெரியாது. பெற்றோர் வாய்க்குள் அலகை நுழைத்துத் தள்ளுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே சாப்பாட்டு முறை. உங்கள் விரலிடுக்கில் அலகை நுழைத்துக் கத்துகிறதே, அது கொஞ்சல் இல்லை, பசி.

இப்போது குடலுக்கு வருவோம். புறா தின்ற இரை முதலில் தீனிப்பையில் தங்கி ஊறும். அப்புறம் அமிலம் சுரக்கும் இரைப்பை. அதை அடுத்து அரைவைப்பை, பல் இல்லாத பறவைக்கு அதுதான் அம்மி. பிறகு சிறுகுடல். சிறுகுடலின் உட்சுவரைக் கம்பளத்தைப் போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாத விரல்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நிற்கும். குடலுறிஞ்சிகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவை உயரமாகவும் நெருக்கமாகவும் இருந்தால் சத்து உறிஞ்சும் பரப்பு அதிகம். இந்த விரல்களின் செல்கள் ஓயாமல் உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை முளைத்து மேலேறுகின்றன. அந்த முளைப்புக்கு வேண்டிய தூண்டுதலும் சத்தும் பெரும்பாலும் குடல் வழியாகப் போகும் இரையிலிருந்தே கிடைக்கின்றன. இரை நின்றால் விரல்கள் குட்டையாகும்.

இருபது நாள் குஞ்சைப் பிரித்த முதல் நாள் என்ன ஆகிறது? அது தின்னாது. இரண்டாம் நாளும் கொஞ்சமாகத்தான். அதற்குள் குடலுறிஞ்சிகள் சுருங்கத் தொடங்கியிருக்கும். மூன்றாம் நாள் பசி தாங்காமல் கிடைத்ததைக் கொத்தி விழுங்கும்போது, உறிஞ்ச வேண்டிய பரப்பு குறைந்து போயிருக்கும். பசியும் பயமும் சேர்ந்தால் மன அழுத்த ஹார்மோன் வேறு ஏறுகிறது. குடல் சுவரின் செல்களுக்கு இடையே இருக்கும் இறுக்கமான மூட்டுகள் தளர்கின்றன. உள்ளே விடக்கூடாத கிருமியும் நஞ்சும் அந்தச் சந்தில் நுழைகின்றன.

மாவுச்சத்து விஷயத்தை மனசில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பாலில் மாவுச்சத்து கிடையாது என்பதால், அதைச் செரிக்கும் அமைலேஸ் போன்ற நொதிகள் குஞ்சிடம் ஆரம்பத்தில் குறைவு. தானியம் மெல்ல மெல்லக் கூடக்கூட நொதிகளும் கூடி வருகின்றன. பெற்றோர் பாலைக் குறைத்துத் தானியத்தை ஏற்றும் அந்த நிதானம் குடலுக்கான பயிற்சி. நடுவில் அதை அறுத்துவிட்டு ஒரு தட்டு மக்காச்சோளத்தை வைத்தால், செரியாத மாவு கீழ்க்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. ஈ.கோலை மாதிரியான கிருமிகளுக்கு அது விருந்து. நல்ல பாக்டீரியாக்கள் ஒடுங்குகின்றன. கழிச்சல் வருகிறது. கழிச்சலால் நீர் வற்றுகிறது, நீர் வற்றினால் தின்னும் ஆசை போகிறது, தின்னாவிட்டால் குடல் இன்னும் சுருங்குகிறது. ஒரு குஞ்சு இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

சீனாவில் இறைச்சிக்காகப் பெரிய அளவில் புறா வளர்க்கிறார்கள். ஜோடி சீக்கிரம் மறுபடி முட்டையிட வேண்டும் என்பதற்காக முதல் வாரத்திலேயே குஞ்சை எடுத்துச் செயற்கைக் கூழ் ஊட்டிப் பார்ப்பதும் உண்டு. அப்படி எடுத்த குஞ்சுகளை ஆராய்ந்ததில், எடை குறைந்ததோடு குடலுறிஞ்சிகளும் பாதிக்கப்பட்டிருந்தன. பட்டினி போடவில்லை, கூழ் ஊட்டித்தான் வளர்த்தார்கள். அப்படியும் பாலின் இடத்தைக் கூழால் நிரப்ப முடியவில்லை.

இதோடு நோயும் சேர்ந்துகொள்ளும். டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி, வளர்ந்த புறாக்கள் பலவற்றின் தொண்டையில் தொந்தரவில்லாமல் குடியிருக்கும். ஊட்டும்போதே குஞ்சுக்கும் போய்விடும். குஞ்சு திடமாக இருந்தால் அடங்கிக் கிடக்கும். பலம் குன்றினால் வாய்க்குள் மஞ்சள் பாலாடைக்கட்டி போலப் படர்ந்து விழுங்கவே முடியாமல் செய்யும். கேன்கர் என்று நம்மாட்கள் சொல்வது இதைத்தான். காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் அப்படியே, அது குடல் சுவரையே தாக்கும். எச்சத்தில் வெளிவரும் அதன் முட்டைகள் ஈரத்திலும் மிதமான சூட்டிலும்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். பெங்களூரு மழை மாதங்களில் நம் மாடிக் கூண்டுகள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தகரத்தில் சாரல் அடித்துப் பலகை நாள்கணக்கில் காயாது. அந்தச் சமயத்தில் ஒரு வாரம் கூடுதலாகவே பெற்றோரிடம் விட்டுவைப்பது நல்லது என்பது என் அனுபவம்.

அப்படியானால் எப்போதுதான் பிரிப்பது? இருபத்தெட்டு நாளுக்கு முன்னால் நான் தொடுவதில்லை. முப்பது, முப்பத்திரண்டு ஆனாலும் கவலைப்படுவதில்லை. ஆனால் நாளை மட்டும் நம்பாதீர்கள், முதுகு இறகையும் நம்பாதீர்கள். இறகு வெளியே முளைப்பது நமக்குத் தெரிகிறது, குடல் உள்ளே பக்குவப்படுவது தெரிவதில்லை. அதனால் வெளியே தெரியும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இறக்கைக்கு அடியில் தோலை இறகு மூடியிருக்க வேண்டும், கடைசியாக இறகு வரும் இடம் அது. இரண்டாவது, பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே குஞ்சு தானாகக் கொத்தி விழுங்க வேண்டும். கொத்திக் கீழே போடுவது கணக்கில் வராது, அது விளையாட்டு. மூன்றாவது, தானாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்றிலும் முக்கியம் தண்ணீர்தான். தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத குஞ்சு தீனி தின்றாலும் பிழைக்காது. காய்ந்த தானியம் தீனிப்பையில் கல்லாக நின்றுவிடும்.

இதற்கான பயிற்சியைப் பிரிப்பதற்குப் பத்து நாள் முன்பே தொடங்கலாம். குஞ்சுக்குப் பதினெட்டு நாள் ஆனதும் மாடத்துக்கு முன்னாலேயே ஒரு தட்டையான தட்டில் கொஞ்சம் தீனி வையுங்கள். தகப்பன் வந்து கொத்தும், குஞ்சு பார்க்கும். பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பெட்டை புது முட்டையில் உட்கார்ந்திருந்தாலும் ஆண் தொடர்ந்து ஊட்டும். அதனால் ஜோடி களைத்துவிடுமோ என்று பயந்து குஞ்சைத் தூக்க வேண்டியதில்லை. ஜோடிக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், போதும். தட்டில் கம்பு, உடைத்த கோதுமை, சிவப்புச் சோளம், பச்சைப்பயறு மாதிரிச் சின்னத் தானியம் இருக்கட்டும். ராகியும் கலக்கலாம், இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? மக்காச்சோளமும் பட்டாணியும் பிறகு. அரைவைப்பை வேலை செய்யக் கல்துகள் வேண்டும் என்பதால் பொடிக் கருங்கல் மணலைக் கழுவிக் காயவைத்து, கிளிஞ்சல் தூளோடு ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

பிரிக்கும்போது உடன்பிறந்த இரண்டையும் ஒன்றாகவே எடுங்கள். தானாகத் தின்னக் கற்றுக்கொண்ட சற்று மூத்த குஞ்சு ஒன்றைக் கூட விட்டால் இன்னும் நல்லது. அது தின்பதைப் பார்த்து இவையும் தின்னும். முதல் நாளே ஒவ்வொன்றையும் பிடித்து அலகை மெதுவாகத் தண்ணீரில் நனைத்துக் காட்டுங்கள். மூக்குத் துளை மூழ்கக்கூடாது. புறா மற்ற பல பறவைகளைப் போல அண்ணாந்து குடிக்காது, அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சும். ஒருமுறை உறிஞ்சிவிட்டால் அப்புறம் மறக்காது.

ஏற்கெனவே சீக்கிரம் பிரிந்துபோன குஞ்சு உங்கள் கையில் வந்துவிட்டால்? முதல் வேலை, பெற்றோரிடம் திருப்பி விட முடியுமா என்று பாருங்கள். விற்றவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடியாது என்றால் கையால் ஊட்ட வேண்டியதுதான். ஆனால் உடம்பு சில்லென்று இருக்கும் குஞ்சுக்கு உடனே இரை கொடுக்காதீர்கள், உள்ளே போனது செரிக்காமல் அப்படியே நிற்கும். துணி சுற்றிச் சூடேற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் குடிக்க வைத்து, அதற்குப் பிறகு ஊட்டுங்கள். இரவு ஊறவைத்து வெதுவெதுப்பாக்கிய பச்சைப்பயறை ஒவ்வொன்றாக நாக்குக்குப் பின்னால் வைத்தால் தானே விழுங்கும். தீனிப்பை பாதிக்கு மேல் நிரம்ப வேண்டாம், காலியான பிறகே அடுத்த வேளை. பிழைத்த அந்த இன்னொரு குஞ்சுக்கு இப்படித்தான் ஒன்பது நாள் ஊட்டினோம். பையன் காலையில் பள்ளிக்குப் போகும் முன் ஒருமுறை, மதியம் அவன் அம்மா, மாலையில் நான்.

இரண்டு காரியம் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். புறாப்பால் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பாக்கெட் பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசும்பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை. ஏற்கெனவே நொந்த குடலில் அது கழிச்சலைத்தான் கூட்டும். இன்னொன்று, மெடிக்கல் கடையில் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துத் தண்ணீரில் கலப்பது. அது கெட்ட கிருமியோடு நல்லதையும் சேர்த்து அழிக்கும், காலியான இடத்தில் பூஞ்சை வந்து உட்காரும். தீனிப்பை புளித்து வாயில் நாற்றம் அடிக்கும் குஞ்சுகள் பலவற்றின் கதை இதுதான். வாயில் மஞ்சள் படலமோ, இரண்டு நாளுக்கு மேலும் நீடிக்கும் கழிச்சலோ இருந்தால் எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, பறவை பார்க்கும் மருத்துவரிடமோ போங்கள். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்த பிறகு கொடுக்கும் மருந்துதான் மருந்து.

பிரித்த குஞ்சுகளை முதல் ஒரு வாரம் இரவு ஏழு, எட்டு மணிக்கு, அவை தூங்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். கட்டைவிரலால் தீனிப்பையை மெல்ல அழுத்தினால் சின்னத் துணிப்பையில் ஈரப் பயறு இருப்பது போலத் தட்டுப்பட வேண்டும். வெறும் தண்ணீர் தளும்பினால் அது தின்னவில்லை. கல்லாக இருந்தால் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் அன்று இரவே ஊறிய பயறு பத்துப் பதினைந்தை ஊட்டி, விடிந்ததும் தகப்பனிடம் விட்டுவிடுவேன். நான்கைந்து நாள் இடைவெளிக்குள் என்றால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். காலையில் தாளைப் புதிதாக மாற்றி எச்சத்தைப் பார்ப்பேன். சின்ன உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருந்தால் அந்தக் குஞ்சைப் பற்றிய கவலை அன்றைக்கு இல்லை.

அந்தப் பையன் இப்போது அடுத்த ஜோடிக் குஞ்சுகளை வைத்திருக்கிறான், இந்த முறை அவன் மாடியிலேயே பொரித்தவை. போன ஞாயிற்றுக்கிழமை இருபத்து நாலாவது நாள். இறக்கையைத் தூக்கிக் காட்டி, "இன்னும் தோல் தெரியுதுண்ணா, அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்று அவனே சொல்லிக் கூட்டில் திருப்பி வைத்துவிட்டான்.